மக்காச்சோள நோய்ச் செய்தியை விதைப்புக்கு முன்னால் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மார்கழியில் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், வளராமல் குட்டையாக நின்றுபோன ஒரு மக்காச்சோளக் காட்டின் படம் வந்திருந்தது. நோயால் விவசாயிகள் கவலை என்று கீழே இரண்டு வரி. படத்தைப் பார்த்ததும் எங்கள் காட்டைத்தான் யாரோ எடுத்துப் போய்ப் போட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன், அப்படியே அச்சாக எங்கள் காடு மாதிரியே இருந்தது. செய்தி உண்மைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி மார்கழியில் வந்து எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆவணியிலேயே வந்திருந்தால் என் இரண்டரை ஏக்கரில் பாதியாவது கருது பிடித்திருக்கும். இப்போது மறுபடி ஆவணி, இன்னும் சில வாரத்தில் புரட்டாசிப் பட்டம் விதைக்கப் போகிறோம், அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறந்த வீடு கேரளாவில், சித்தூர் தாலுக்கா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரம் பக்கம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிற சனம், இரண்டு பக்கமும் மாடு, தென்னை, கடலை, மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்கு வாங்க உடுமலை, பல்லடம் வியாபாரிகள் வருவதால் மக்காச்சோளத்துக்கு விலை எப்படியாவது ஒரு மாதிரி நிற்கும் என்று நம்பித்தான் நாங்களும் விதைக்கிறோம்.

போன புரட்டாசியில் ஏக்கருக்கு எட்டுக் கிலோ கணக்கில், நாலு கிலோ பை ஐந்து வாங்கி விதைத்தோம். முளைப்பு நன்றாக இருந்தது. 2018-க்குப் பிறகு மக்காச்சோளம் வைத்தவர்கள் எல்லாருக்கும் முதல் இருபது நாள் ஒரே நினைப்புதான், படைப்புழு. காலையில் எழுந்தால் குருத்தைப் பிரித்துப் பார்ப்பதும் ஓட்டை விழுந்த இலையைத் தேடுவதுமாகத்தான் போகும். நாங்களும் பதினைந்தாம் நாள் புழுவுக்கு மருந்து அடித்தோம், புழு இல்லை, நிம்மதியாக இருந்தோம். இருபத்திரண்டாம் நாள் வாக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் இலை வெளுத்து, நீளவாக்கில் மஞ்சளாகக் கோடு விழுந்த மாதிரி தெரிந்தது. ஒரு இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். "சத்துக் குறைதானுங்க அக்கா, நுண்ணூட்டம் ஒண்ணு அடிச்சுவிடுங்க, ஒரு வாரத்துல பச்சை கட்டிரும்" என்றார் கடைக்காரர். அடித்தோம். ஒரு வாரத்தில் வெளுத்த செடிகள் இன்னும் கூடின. மறுபடி போனதும், பூசணமாக இருக்கும் என்று கார்பன்டசிம் என்கிற பூசண மருந்தைக் கொடுத்தார். அதையும் அடித்தோம். அதற்கும் கேட்கவில்லை. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கையில் இருந்த இலையைப் பார்த்தால் யாருக்கும் சத்துக் குறை என்றுதான் தோன்றும், நான் அதை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோயிருந்தேன். நேரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், விஷயமே அதில்தான் இருந்தது.

பக்கத்து ஊரில் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். என் மாமனார் அவரிடம் போய்ச் சொல்ல, "நாளைக்கு விடியறதுக்குள்ள வர்றேன், அம்மணியக் காட்டுல இருக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறார். ஐப்பசிப் பனி, இருட்டு விலகி விலகாமல் இருக்கிற நேரம், டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். வெளுத்த செடி ஒன்றின் இலையை அப்படியே திருப்பிக் காட்டினார். இலையின் அடிப்பக்கம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. எட்டரை மணிக்கு வெயில் ஏறிய பிறகு அதே செடியை மறுபடி காட்டினார், வெள்ளை பெரும்பாலும் காணாமல் போயிருந்தது, மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. நான் இத்தனை வருஷம் விவசாயம் பார்த்தும் விடியற்காலையில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. அடிச்சாம்பல் நோய் என்று பெயரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இலையின் அடியில் சாம்பல் படிவதுதான் அது என்று பெயரே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன், அதில் முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். இந்த நோயை நாம் பூசண நோய் என்று சொன்னாலும், இதை உண்டாக்குகிற கிருமி உண்மையில் பூஞ்சை இனமே இல்லை. பார்வைக்கும் வளர்வதற்கும் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் உறவுமுறையில் பாசிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற வேறு கூட்டம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்து அந்த நாட்டைப் பெரும் பஞ்சத்தில் தள்ளிய கிருமியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதனால்தான் மற்ற பூசண நோய்களுக்குக் கேட்கிற கார்பன்டசிம் இதற்குக் கேட்காது. இதற்கென்று உள்ள மருந்து மெட்டலாக்சில். எந்த மருந்து என்பதை விட எப்போது என்பது இன்னும் முக்கியம். இராத்திரியில் குளிரும் ஈரமும் சேரும்போதுதான் இலையின் அடியில் நோயைப் பரப்புகிற, தூள் மாதிரியான வித்துகள் உண்டாகின்றன, விடியற்காலைக் காற்றில் பறந்து பக்கத்துச் செடியில் விழுகின்றன, பனித்துளி இருந்தால் முளைத்து உள்ளே போய்விடுகின்றன. முளைத்ததிலிருந்து மூன்று நான்கு வாரம் வரைதான் செடிக்கு ஆபத்து அதிகம். அந்த வயதில் கிருமி குருத்துக்குள் போய்விட்டால் அப்புறம் வருகிற ஒவ்வொரு இலையும் நோயோடுதான் வரும். முத்தின செடியில் அந்த அளவுக்குப் பரவாது. உள்ளே போய்விட்ட செடியைக் காப்பாற்ற எந்த மருந்தாலும் முடியாது, பூ வர வேண்டிய இடத்தில் இலை இலையாகக் கொத்தாக வளர்ந்து, கருது பிடிக்காமல் மலடாக நின்றுவிடும். எங்கள் காட்டில் பத்துச் செடிக்கு மூன்று நான்கு அப்படி நின்றன. தண்ணீர் விட்ட கூலி, உரம், இரண்டு தடவை தவறான மருந்து, எல்லாம் அந்தச் செடிகளுக்கும் சேர்த்துத்தான் போனது.

சத்துக் குறைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, இதை மட்டுமாவது படம் போட்டு வெளியிடுங்கள். துத்தநாகம் குறைந்தால் இலை தண்டோடு சேர்கிற பாதியில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் பட்டையாக வெளுக்கும், இலையைத் திருப்பினால் கீழே வெள்ளை மாவு இருக்காது. அடிச்சாம்பலில் முதலில் நோய் தெரிகிற இலை பாதிக்குப் பாதி இருக்கும், தண்டை ஒட்டிய பாதி வெளுத்து, நுனிப்பாதி பச்சையாக, நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. அதற்கு மேல் வருகிற இலை முழுக்க வெளுத்து வரும். விடியற்காலையில் திருப்பிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். விதையிலேயே தொடங்க வேண்டும். கிலோ விதைக்கு ஆறு கிராம் மெட்டலாக்சில் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு கலக்க வேண்டும், மிச்ச விதையைக் கோழிக்குப் போடக் கூடாது. அசோஸ்பைரில்லம் மாதிரி உயிர் உரம் கலப்பவர்கள் மருந்து கலந்து ஒரு நாள் கழித்துக் கலக்க வேண்டும். விதைத்த இருபதாம் நாள் மெட்டலாக்சிலும் மேன்கோசெப் என்கிற பூசண மருந்தும் சேர்ந்து வருகிற தூளை லிட்டருக்கு இரண்டு கிராம், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு இருபது கிராம் கணக்கில் அடிக்க வேண்டும், ஏக்கருக்கு 400 கிராம் வரும். அதற்கு நடுவில் தெரிகிற நோய்ச் செடியை அன்றன்றைக்கே பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பிடுங்கி வரப்பில் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். நாங்கள் செய்தது அதுதான், வரப்பில் போட்ட செடியும் காய்கிற வரைக்கும் நோயைப் பரப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும். இன்னொன்று, கேட்கிறது என்பதற்காக மெட்டலாக்சிலைத் திரும்பத் திரும்ப அடித்தால் கிருமி பழகிவிடும். அமெரிக்காவில் டெக்சாஸில் இதே நோயில் அப்படி ஆகியிருக்கிறது. நமக்கு இருக்கிற நல்ல மருந்து ஒன்று, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

தைப்பட்டத்தில் ஒரு ஏக்கர் மட்டும் இந்த முறையில் செய்து பார்த்தோம். மொத்தக் காட்டிலும் நான்கைந்து செடிதான் வெளுத்தது, பிடுங்கி எரித்துவிட்டோம். மாசியில் பனியும் குறைந்துவிட்டதால் எல்லாப் பெருமையையும் மருந்துக்கே கொடுக்க மாட்டேன். ஆனாலும் அந்த ஏக்கர் கருது பிடித்து நின்றதைப் பார்த்தபோது போன வருஷத்தை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதில் என் மனதில் நிற்கிற கேள்வி விதைப் பையைப் பற்றியது. கடையில் வாங்குகிற விதை சிவப்பாகவோ ரோஸாகவோ சாயம் பூசித்தான் வருகிறது. சாயம் இருந்தால் மருந்து கலந்தாகிவிட்டது, நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் மட்டும் இல்லை, எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் கலந்த மருந்து எது? புழுவுக்கா, அடிச்சாம்பலுக்கா, இரண்டுக்குமா, அல்லது சேமிப்பில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போடுகிற சாதாரண மருந்து மட்டுமா? மருந்து கலந்த விதை என்றால் கலந்த மருந்தின் பெயரை லேபிளில் போட வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு விதை விதிகளிலேயே இருக்கிறது. போடவும்தான் செய்கிறார்கள், ஆனால் ஆங்கிலத்தில், எறும்பு மாதிரி எழுத்தில். எங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற பையனைக் கூப்பிட்டு, போன் கேமராவில் பெரிசாக்கிப் படிக்கச் சொல்லித்தான் போன வருஷப் பையில் என்ன இருந்தது என்று பிறகு தெரிந்தது. புழுவுக்கான மருந்து மட்டும்தான் இருந்தது. பையில் முன்பக்கம் கருது படம் அத்தனை பெரிதாகப் போட இடம் இருக்கும்போது, இந்த ஒரு வரியைத் தமிழில், எங்கள் மாமனார் கண்ணாடி போட்டால் படிக்கிற அளவுக்குப் போடுவதற்கு இடம் இல்லாமலா போய்விடும்? இதைக் கம்பெனிகளும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும், விதை ஆய்வு பார்க்கிற அதிகாரிகளும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, பையில் மெட்டலாக்சில் பெயர் இருந்தால் நீங்கள் மறுபடி கலக்க வேண்டாம், இல்லையென்றால் கலந்தே ஆக வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 6 மாதிரி இந்த நோயைத் தாங்குகிற வீரிய ஒட்டு ரகமும் இருக்கிறது, பழனி தாலுக்கா வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நமக்குத் தூரமும் இல்லை. எங்கள் ஊர்க் கடைகளில் அந்த விதையைக் கேட்டால் கிடைப்பதில்லை, ஊர் முழுக்க ஒன்றிரண்டு கம்பெனி விதைதான். 1970-ல் அமெரிக்காவில் பெரும்பாலான காடுகளில் ஒரே வகைத் தாய்ச்செடியிலிருந்து வந்த மக்காச்சோள விதையைப் போட்டு, ஒரு இலைக்கருகல் நோய் வந்ததும் மொத்த விளைச்சலில் கிட்டத்தட்ட 15 சதவீதம் ஒரே வருஷத்தில் போயிற்று என்று படித்தபோது எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது எல்லைச் சமாச்சாரம். என் அண்ணன் அந்தப் பக்கம் எங்களை விட இருபது நாள் முன்னாலேயே விதைத்திருந்தார். அவர் காட்டிலும் நோய் இருந்தது, அவருக்கும் சத்துக் குறை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் விதைத்த காட்டில் நோய் முத்தியிருக்கும்போது பக்கத்தில் இளம் செடி முளைத்தால் அது நேரே அதன் மேல்தான் விழும். அந்தப் பக்கத்து மேல்காற்று செக்போஸ்ட்டில் நின்றுவிட்டா வரும்? எனக்கும் அவருக்கும் நடுவில் எத்தனை காடு இருக்கிறதோ அத்தனைக்கும் அது கைமாறி வந்திருக்கும். அதனால் ஒரு பகுதியில் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைப்பது நல்லது. அதை யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை. அங்கே வருகிற அரசு நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கிறது. அண்ணன் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் சிரமம். விதையும் மருந்தும் அவர் வாங்குவது பொள்ளாச்சியில், ஆலோசனை சொல்ல வேண்டியவர்கள் இருப்பது பாலக்காட்டில். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் 1970-ல் ஒப்பந்தம் போட்டு, இன்றைக்கும் அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். அதே மாதிரி இரண்டு பக்கத்து வேளாண் அதிகாரிகளும் பட்டத்துக்கு ஒரு தடவை கூடி, எந்தப் பக்கம் எப்போது விதைக்கிறார்கள், எங்கே நோய் தெரிகிறது என்று பேசிக்கொண்டால் என்ன? பெரிய செலவு இல்லை. கோபாலபுரத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் அரை நாள் போதும், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நோட்டீஸ் அடித்துக் கொடுக்கலாம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. தீவனச் சோளத்திலும் இதே நோய் இருக்கும், மக்காச்சோளத்துக்கு அது அங்கிருந்தும் வரும். சோள இலை நார் நாராகக் கிழிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், நாங்கள் காற்று அடித்துக் கிழிந்தது என்றுதான் இருந்தோம். நோய் முற்றினால்தான் அப்படிக் கிழியும், கிழிந்த நாரிலிருந்து கொட்டுகிற வித்துகள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற எங்கள் பக்கத்து வீடுகளில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் இல்லாத காடே கிடையாது, அதை விடச் சொல்ல முடியாது, நானும் விட மாட்டேன். மக்காச்சோளத்தை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடலாம், வெளுத்த சோளச் செடி தெரிந்தால் கிழிவதற்கு முன்பே பிடுங்கிவிடலாம், சோளம் போட்ட இடத்தில் அடுத்த பட்டம் உளுந்தோ கடலையோ போடலாம்.

மற்ற நோய்களைப் பற்றி நீளமாக எழுதவில்லை. அடி இலையிலிருந்து படகு வடிவத்தில் நீளமாகச் சாம்பல் பழுப்புப் புள்ளி ஏறி வந்தால் அது இலைக்கருகல், அதற்கு மேன்கோசெப் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். தண்டு நோய் மட்டும் எங்கள் தண்ணீரோடு சம்பந்தப்பட்டது என்பதால் சொல்ல வேண்டும். பூ வந்த பிறகு செடி காய்ந்து, தட்டு கணுவில் ஒடிந்து சாயும். பிளந்து பார்த்தால் உள்ளே கரித்தூள் தூவினது போல இருக்கும், கரிக்கோல் அழுகல் என்பார்கள். பூக்கிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால்தான் இது அதிகம் வரும். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் நாலு மண்டலமாகச் சுற்றி வருகிறது, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளியில் எங்கள் மக்காச்சோளம் பூத்தால் போச்சு. வாய்க்கால் தண்ணீர் நம்பி விதைப்பவர்கள் பூக்கிற நாளைக் கணக்குப் போட்டு விதைப்பதும், போர்வெல் இருப்பவர்கள் அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்குத் தண்ணீரைப் பிடித்து வைப்பதும்தான் வழி. இந்த நோய் வருகிற மண்ணில் பொட்டாஷைக் குறைக்காமல் போட வேண்டும். யூரியாவுக்கு ஓடுகிறோம், பொட்டாஷை விட்டுவிடுகிறோம்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, புரட்டாசிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். விதைப் பையில் எந்தப் பெயரைத் தேட வேண்டும், இருபதாம் நாள் என்ன அடிக்க வேண்டும், விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள், இந்த மூன்று சேதியும் படத்தோடு வந்தால் போதும். உங்கள் பத்திரிகை எல்லைக்கு அந்தப் பக்கத்து டீக்கடைகளுக்கும் போகிறது, என் அண்ணன் காலையில் அங்கேதான் படிப்பார். நோய் வந்த பிறகு எடுத்த படம் எத்தனையோ போட்டிருக்கிறீர்கள், இதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இத்துடன் மூன்று படங்கள் அனுப்புகிறேன். முதல் இரண்டும் ஒரே செடி, ஒரே இலையின் அடிப்பக்கம், ஒன்று காலை ஐந்தே முக்காலுக்கு எடுத்தது, இன்னொன்று எட்டரைக்கு. மூன்றாவது, பாதி வெளுத்துப் பாதி பச்சையாக இருக்கிற முதல் இலை. பையன் போனில் எடுத்ததுதான், தெளிவாக இருக்கிறது, பெயர் போடாமல் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். புரட்டாசி பிறப்பதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி வாசகி,
கோபாலபுரம் பக்கம், பொள்ளாச்சி